மீண்டு வந்தவர்களும் நாங்களும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாகப் பேசியது ஒரு பேச்சுப் போட்டியில். அன்று பாதியிலேயே மணியடித்து இருத்திவிட்டார்கள். இன்று மணி இல்லை என்று தலைவி உறுதி தந்திருக்கிறார். ஆனாலும் சுருக்கமாகவே பேசுகிறேன்.

போரால் பாதிக்கப்பட்ட பெண்களையும் சிறுவர்களையும் சமூகத்தோடு மீளிணைப்பது பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். யுத்தம் முடிந்தபின் சில ஆண்டுகள் கிளிநொச்சி மாவட்டத்தில் வாழ்வாதார உதவித் திட்டமொன்றில் வேலை செய்தேன். அங்கே நான் விட்ட ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

புனர்வாழ்வு முடித்து வீடு திரும்பிய ஓர் இளம் பெண்ணுக்குத் தையல் மெசின் கொடுத்தோம். பயிற்சிச் சான்றிதழ் அவளிடம் இருந்தது. மெசினைக் கையளித்தோம், படம் எடுத்தோம், அறிக்கையில் ‘மீளிணைக்கப்பட்டவர்’ என்று பதிந்தோம். ஆறு மாதம் கழித்துப் போனபோது மெசின் சாக்கால் மூடிக் கிடந்தது. பழுதோ என்று கேட்டேன்.

“மெசின் நல்லாத்தான் இருக்கு அக்கா. துணிதான் ஒருத்தரும் கொண்டு வருகினமில்லை” என்றாள்.

அவளை விசாரிக்க அடிக்கடி ஆட்கள் வந்துபோனார்கள். அந்தப் படலையைத் திறந்தால் தங்களையும் விசாரிப்பார்களோ என்று அயலவர்களுக்குப் பயம். வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளை என்பதை ஊரே அறியும். இருந்தும் கலியாணம் பேசி வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பக்கத்து வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கும் அவளுக்கு அழைப்பில்லை.

இதை மாற்றியது எங்கள் திட்டம் அல்ல. தை மாதம் பாடசாலை தொடங்கும் நேரம், அயலில் இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, அரசு கொடுத்த சீருடைத் துணியோடு பட்டப்பகலில் அந்தப் படலையைத் திறந்தார். “அளவெடு பிள்ளை” என்றார். அவ்வளவுதான். ‘ரீச்சரே போறா, நாங்கள் போனால் என்ன’ என்று அடுத்த கிழமை இன்னும் மூன்று வீட்டுத் துணிகள் வந்தன.

சகோதரிகளே, 2009க்குப் பின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்களில் 594 பேர் சிறுவர் சிறுமியர். அவர்களில் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்து, 2010இல் குடும்பங்களோடு சேர்ந்தார்கள். இந்த எண்கள் நிலையத்தை விட்டு வெளியே வந்தவர்களைத்தான் சொல்லும். ஊருக்குள் எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அவை சொல்லா. அந்தக் கணக்கு எங்கள் வாசல்களில் இருக்கிறது.

எந்தப் பட்டியலிலும் வராத பெண்பிள்ளைகளும் உண்டு. பெயர் கெடும் என்று பயந்து சத்தமில்லாமல் வீடு சேர்ந்துவிடுவார்கள். போரில் ஈடுபடுத்தப்பட்ட சிறுவர் பற்றிய 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகளும் இதைக் கவனத்தில் எடுக்கின்றன. அந்தப் பிள்ளைகளை மட்டும் தனியே பிரித்து உதவாமல், அயலிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் சேர்த்தே உதவும்படி அவை கேட்கின்றன. பிரித்துக் கொடுக்கும் உதவியே சில வேளை முதுகில் ஒட்டிய பெயர்ப்பலகை ஆகிவிடுகிறது.

கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்களையும் மறக்கக்கூடாது. அலுவலகம் இறப்புச் சான்றிதழ் கேட்கும். அதைப் பெற்றால் தானே அவரைச் சாகடித்தது போலாகும் என்று அவர்கள் மறுப்பார்கள். ஆள் காணாமற்போயிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடமளித்தது. பத்திரத்துக்கு வழி பிறந்தது. ஆனால் பொட்டோடு வந்தாலும் பொட்டில்லாமல் வந்தாலும் அவளை ஒரு மாதிரிப் பார்க்கும் எங்கள் கண்களுக்குச் சட்டம் என்ன செய்யும்?

எங்கள் சங்கத்திடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து மெசினுக்குக் காசு அனுப்பும் சகோதரிகள் அதோடு வேலையையும் அனுப்புங்கள். எங்கள் பாடசாலைச் சீருடைகளும், இல்ல விளையாட்டுப் போட்டி உடைகளும், கலைவிழா உடைகளும் இந்தப் பெண்களின் கையால் தைக்கப்படட்டும். இரக்கத்துக்காகக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். நியாயமான தையற்கூலியை நேரத்துக்குக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, வகுப்பு நடுவே எந்தப் பிள்ளையையும் எழுப்பி “அப்பா எங்கே?” என்று கேட்காதிருப்போம். படிவத்தில் நிரப்ப வேண்டியதைத் தாயிடம் தனியே கேட்கலாம்.

மூன்றாவது, உதவி பெறுபவரைப் படம் எடுக்காதிருப்போம். நான் எடுத்த அந்தப் படத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன்; அவள் சிரிக்கவில்லை.

நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை எங்களைப் போன்ற பெண்களுக்குப் படலையைத் திறந்துவிட்டிருக்கிறது. இனி நாங்கள் போய்த் திறக்கவேண்டிய படலைகள் இருக்கின்றன. போகும்போது கையில் கொஞ்சம் துணியும் கொண்டு போங்கள்.