கையிலுள்ள களிமண்ணும் காலடியிலுள்ள பூமியும்

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)

கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் கல்லையும் மண்ணையும் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மண்ணைப் பிசைந்து பிழைக்கிற நமக்கு அந்த மண் எப்படி உண்டாயிற்று என்று தெரிய வேண்டாமா?

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று பொருள். அதற்குப் புராணம் ஒரு கதை சொல்கிறது. விஞ்ஞானம் சொல்லும் கணக்கோ இன்னும் பெரியது. மணிமுத்தாறு இறங்கி வருகிறதே கல்வராயன் மலை, அதன் பாறைகளுக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இத்தகைய பாறைகளில் பெல்ஸ்பார் என்ற பொருள் கலந்திருக்கிறது. மழையும் வெயிலும் நெடுங்காலம் அதை அரித்தால் வெள்ளைக் களிமண் ஆகிறது. ஆறுகள் அதை வாரிச் சென்று பள்ளங்களில் படிய வைக்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் இவ்வாறு படிந்ததே. அந்த மண்ணை நம்பித்தான் நம்மூர்ப் பீங்கான் தொழில் வளர்ந்தது.

கல் மண்ணாயிற்று. நாம் அந்த மண்ணைச் சூளையில் 1,200 டிகிரி அளவில் சுட்டு மறுபடியும் கல்லாக்குகிறோம். எரிமலை கக்குகிற பாறைக் குழம்பின் சூடும் ஏறத்தாழ இதே அளவுதான். அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு நம் நாட்டு எரிமலை. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991-ல் மறுபடியும் நெருப்பைக் கக்கியது.

இதற்கெல்லாம் காரணம் என்ன? பூமியின் மேலோடு ஒரே பாளமல்ல. பல பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தத் தட்டுகள் மெல்ல நகர்கின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பிரட் வெகனர் 1912-ல் சொன்னபோது பெரிய பெரிய பேராசிரியர்கள் நகைத்தார்கள். அவர் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் மாண்டார். 1960-களில் கடலடித் தரையை ஆராய்ந்த பிறகே அவர் சொன்னது மெய்யென்று உலகம் ஒப்புக்கொண்டது. எதுவும் மாறாது என்று நமக்குப் போதிக்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். காலடியில் உள்ள கண்டமே இடம் மாறுகிறது!

நம் நாடு ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்தது. பிரிந்து வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் மீது மோதியது. அந்த மோதலில் மடிந்து எழுந்ததே இமயமலை. இன்றும் நம் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. தட்டுகள் உரசும் இடத்தில் பாறை சிக்கிக்கொள்கிறது, இறுக்கம் ஏறுகிறது, ஒருநாள் பிய்த்துக்கொண்டு நழுவுகிறது. அதுவே பூகம்பம்.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே இதுதான் நடந்தது. இந்தியத் தட்டு அண்டைத் தட்டின் அடியில் நுழையும் இடத்தில், 1,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலடி பெயர்ந்தது. அலை நம் கடலூர்க் கரையை எட்ட இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்து மீனவனுக்கு ஒரு எச்சரிக்கை வந்ததா? இல்லை. பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்துமாக்கடலுக்கு இல்லை. பல நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மாண்ட பிறகு, 2007-ல்தான் ஐதராபாத்தில் நிலையம் வந்தது. பூமி நடுங்கியது இயற்கை. இரண்டு மணி நேரம் வீணாய்ப் போனதும் இயற்கையா?

தட்டின் ஓரத்தில் மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். 1993 செப்டம்பர் 30 விடியுமுன் மராட்டியத்தின் லாத்தூர் வட்டாரம் குலுங்கியது. அது தட்டின் உட்பகுதி. கனத்த கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பிய வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். உறுதியான வீடு கட்ட வழியிருந்தால் இவர்களில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

தோழர்களே! நம் பட்டறைக்குள்ளும் இதே கதைதான். குவார்ட்ஸ் கல்லை அரைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூசி பறக்கிறது. அது நெஞ்சுக்குள் போய் நுரையீரலைத் தழும்பாக்குகிறது. இருமலும் மூச்சுத்திணறலும் பிறகுதான் தெரியும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. வராமல் தடுக்க மட்டும் வழியுண்டு. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே இதைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. கல்லை ஈரப்படுத்தி அரைக்கலாம். தூசியை உறிஞ்ச யந்திரம் வைக்கலாம். தகுந்த முகக்கவசம் கொடுக்கலாம். காலாகாலத்தில் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். இதெல்லாம் தெரியாத ரகசியமல்ல. செலவு என்று தள்ளிப் போடப்படுகிற காரியம்.

பூமியின் தட்டுகளை நிறுத்த நம்மால் ஆகாது. அரைவை அறையின் தூசியை நிறுத்த ஆகும். கூலி உயர்வோடு இதையும் நம் கோரிக்கையாகச் சேர்ப்போம். அறிந்துகொள்வோம், ஒன்றுபட்டுக் கேட்போம்!