பனிக்கு மேலும் கீழும்

பகல் நீண்டுகொண்டே வந்தும் பனி மட்டும் விடைபெற மனமில்லாமல் முழங்காலளவு கொல்லையில் தங்கிவிடுகிற பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்துச் சமையலறை ஜன்னலருகே நிற்பவர் கண்ணில் முதலில் படுவது, கரிய குல்லாயும் வெண்கன்னமுமான சிக்கடி என்னும் சின்னஞ்சிறு பறவைதான். சுமார் 11 கிராம் எடையுள்ள இந்த ஜீவன், தொங்கும் தீனிக்குழாயிலிருந்து ஒரே ஒரு சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் பறந்து, காலில் இடுக்கி, அலகால் தட்டித் தட்டி உடைத்துத் தின்னும்; மிஞ்சியதை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து, ஒளித்த இடத்தை வாரக்கணக்கில் மறவாதிருக்கும். இரவிலோ, ஆகார சேமிப்பு விடியும்வரை காணவேண்டுமே என்று, தன் தேக உஷ்ணத்தைச் சுமார் 10 டிகிரி சென்டிகிரேடு தானே தாழ்த்திக்கொள்கிறது. இந்தச் சிக்கனம் நம்மில் எத்தனை பேருக்குக் கைவரும்!

வெறிச்சென்று தோன்றும் பனியின் அடியிலும் குடித்தனம் உண்டு. காற்றைப் பொதிந்த பனி நிலத்தின் வெப்பத்தை வெளியே விடாததால், மேலே கடுங்குளிர் வாட்டினாலும், தரையை ஒட்டிய இடுக்கில் உறைநிலையை ஒட்டியே குளிர் நிற்க, புல்லெலிகள் அங்கே சுரங்கம் அமைத்துத் திரிகின்றன. அவற்றின் சலசலப்பைக் காதால் கேட்டே செந்நரி எம்பிக் குதித்துத் தலைகீழாய்ப் பனிக்குள் பாய்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபான் சங்கமும் சேர்ந்து 1998 முதல் பிப்ரவரிதோறும் கொல்லைப் பறவைக் கணக்கெடுப்பை நடத்துகின்றன. 15 நிமிஷம் கவனித்தால் போதும், யாரும் பங்கு கொள்ளலாம். விதையை அதிகமாகக் காலிசெய்யும் சாம்பல் அணிலுக்கு மட்டும் அந்தக் கணக்கில் இடமில்லை.