நாலு பேர் என்ன சொல்வார்கள்?



நம் குடும்பங்களில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கும்போது கடைசியாக ஒரு கேள்வி எழும். மகன் குருமடத்தில் சேர விரும்பும்போது எழும். வரதட்சணை வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லும்போதும் எழும். வேறு சாதியில் பெண் எடுப்பதா என்ற பேச்சு வரும்போது நிச்சயம் எழும். “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்பதே அந்தக் கேள்வி. அந்த நாலு பேர் யார் என்று நாம் விசாரிப்பதில்லை. அவர்கள் நம் வீட்டுக்கு அரிசி வாங்கித் தருவதும் இல்லை. ஆயினும் நம் வீட்டு முடிவு அவர்கள் கையில் இருக்கிறது.

யோவான் நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில், 42, 43 வசனங்களில், ஒரு சிறு குறிப்பு வருகிறது. யூதத் தலைவர்களுள் பலர் இயேசுவை நம்பினார்களாம். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் பரிசேயர்கள் தங்களைத் தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். கடவுளிடம் கிடைக்கும் பெருமையைக் காட்டிலும் மனிதர் கொடுக்கும் பெருமை அவர்களுக்கு இனித்தது என்று நற்செய்தியாளர் காரணமும் சொல்கிறார். இவர்களிடம் நம்பிக்கை இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இருந்த நம்பிக்கையை ஊர்ப் பயம் வாய் திறக்க விடவில்லை.

இந்தப் பயம் திருத்தூதரையும் விட்டுவைக்கவில்லை. கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் அந்தியோக்கியாவில் நடந்ததைச் சொல்கிறார். பேதுரு அங்கே பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள். பர்னபாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பேதுருவின் போதனை மாறவில்லை. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தால் அவர் உட்கார்ந்த இடம் மட்டும் மாறியது. அதனால் ஆண்டவரின் பந்தி இரண்டாகப் பிளந்தது. பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்துப் பேசினார். மனிதருக்கு உகந்தவனாக நடக்கப் பார்த்தால் தான் கிறிஸ்துவின் ஊழியனாக இருக்க முடியாது என்று அதே திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் அவர் எழுதியதன் பொருள் இங்கே நமக்கு விளங்குகிறது.

நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தை நினைத்துப் பார்ப்போம். நீலகண்டன் என்ற பெயரோடு 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்தவர். நாலு பேரின் மதிப்பு அவருக்குக் குறைவில்லாமல் இருந்தது. குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு மன்னரின் படைத் தளபதியான டி லனாய் வழியாக அவர் கிறிஸ்துவை அறிந்தார். வடக்கன்குளத்தில் 1745-ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. ‘கடவுளே துணை’ என்பது அதன் பொருள்.

திருமுழுக்குக்குப் பின் அவர் தாழ்த்தப்பட்ட மக்களோடு வேற்றுமை பாராமல் பழகினார். எல்லாரும் சமம் என்று சொன்னார். அது உயர்ந்தோர் எனப்பட்டவர்களின் கோபத்தைக் கிளப்பியது. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் பின்புறம் நோக்கி உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராக அவரைக் கொண்டுபோனார்கள் என்று அவரது வரலாறு சொல்கிறது. உடலில் அடித்தது போதாது, நாலு பேர் முன்னால் மானத்தையும் பறிக்க வேண்டும் என்பதே அந்த ஊர்வலத்தின் நோக்கம். மூன்று ஆண்டுத் துன்பத்துக்குப் பின் 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்தியவர். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அப்போது அவர் பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. தேவசகாயம் என்ற திருமுழுக்குப் பெயர் மட்டுமே நின்றது.

ஒரு வேதனையான செய்தியையும் நாம் மறைக்காமல் நினைவுகூர வேண்டும். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த ஆலயத்தில், சாதிக்கு ஒரு பக்கம் என்று மக்களைப் பிரித்து வைத்த தடுப்புச் சுவர் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போயிற்று. அந்தியோக்கியாவில் பேதுரு எழுந்து விலகிய இடத்தில்தான், நூற்றாண்டுகள் கழித்து, நாம் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சுவர் கட்டினோம். இன்று அந்தச் சுவர் இல்லை. ஆனால் திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்று முடிவு செய்யும்போதும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த ஓரம் என்று பேசும்போதும், அந்த நாலு பேர் வந்து நம் நடுவே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்தப் பயத்திலிருந்து விடுபட வழி என்ன? ‘யாருக்கும் பயப்படாதே’ என்று சொன்னால் மட்டும் பயம் போய்விடாது. யோர்தான் கரைக்குப் போவோம். இயேசு தண்ணீரிலிருந்து ஏறியதும், இவரே தம் அன்பு மகன் என்றும், இவரில் தாம் மகிழ்வதாகவும் தந்தை அறிவித்தார். மாற்கு நற்செய்தியின்படி, அதுவரை இயேசு ஒரு நோயாளியையும் குணமாக்கியிருக்கவில்லை. ஒரு போதனையும் செய்திருக்கவில்லை. வேலை தொடங்கும் முன்பே தந்தையின் மகிழ்ச்சி அவருக்குக் கிடைத்துவிட்டது. நம் திருமுழுக்கிலும் அதுவே நடந்தது. நாம் ஒன்றும் சாதிக்காத கைக்குழந்தையாய் இருந்தபோதே கடவுள் நம்மைப் பெயர் சொல்லி அழைத்து, தம் பிள்ளையாக்கிக்கொண்டார். ஏற்கெனவே கையில் இருக்கும் மதிப்பை மறந்துவிடுகிறவர்கள்தான் அதை வீடு வீடாகக் கேட்டு அலைகிறார்கள்.

அப்படியானால் யாருடைய சொல்லையும் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும். பிடிவாதத்துக்கு இறையழைத்தல் என்று பெயர் சூட்டிவிடக் கூடாது. மனிதரின் புகழைத் தேடாத பவுலே எருசலேமுக்குப் போய், பேதுருவோடு 15 நாள் தங்கினார். பின்பு தாம் அறிவித்துவந்த நற்செய்தியைத் திருச்சபையின் தலைவர்கள் முன் எடுத்துவைத்தார். தேவசகாயமும் தானாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. வடக்கன்குளம் போய், அங்கிருந்த குருவிடம் தம்மை ஒப்படைத்தார். நம்மை நேசிக்கிறவர்களின் ஆலோசனை வேறு, ஊர் வாய்க்கு அஞ்சுவது வேறு. ‘இது கடவுளுக்கு உகந்ததா?’ என்று நம்மைக் கேட்க வைப்பது ஆலோசனை. ‘இது வெளியே தெரிந்தால்?’ என்று கேட்க வைப்பது பயம். இறைவேண்டலில் சற்று நேரம் அமைதியாக இருந்தால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தெரியும்.

அன்பர்களே, இயேசுவை இரகசியமாகப் பின்பற்றிய இருவரை யோவான் நமக்குக் காட்டுகிறார். ஒருவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. மற்றவர் இரவில் வந்த நிக்கதேம். சிலுவையில் எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றிய நேரத்தில், யோசேப்பு பிலாத்துவிடம் போய் ஆண்டவரின் உடலைக் கேட்டார். நிக்கதேம் வெள்ளைப்போளமும் அகிலும் சுமந்து வந்தார். காலந்தாழ்ந்து வந்த அந்தத் துணிவையும் ஆண்டவர் ஏற்றுக்கொண்டார். இவ்வளவு காலம் ஊருக்குப் பயந்து வாழ்ந்துவிட்டோமே என்று நம்மில் யாராவது வருந்தினால், அவர்களுக்கும் நேரம் இருக்கிறது.

இந்த வாரம் ஒன்று செய்வோம். நாலு பேருக்காக நாம் தள்ளிப்போட்ட ஒரு நல்ல காரியத்தை நினைவுக்குக் கொண்டுவருவோம். பேசாமல் விட்ட உறவாக இருக்கலாம். கால் வைக்காத வீடாக இருக்கலாம். ‘சரி’ என்று சொல்லாமல் வைத்திருக்கும் பிள்ளையின் இறையழைத்தலாகவும் இருக்கலாம். அதைத் திருப்பலியில் அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்தில் வைப்போம். ஒரே பந்திக்கு நம்மை அழைத்த ஆண்டவர், அந்தப் பந்தியிலிருந்து நாம் எழுந்து விலகாதபடி நம்மைக் காப்பாராக. புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.