ஒளிர்திரவங்களில் கரைப்பானின் இடம்



துகள் பாய்ந்தால் ஒளிரும், சிண்டிலேட்டர் எனப்படும் ஒளிர்திரவத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒளியை உமிழும் பி.பி.ஓ. போன்ற பதார்த்தங்களையே வியந்து போற்றுவர். ஆனால் ஒரு லிட்டருக்கு இரண்டொரு கிராமே அப்பொருள் இருக்க, எஞ்சியதெல்லாம் கரைப்பானே ஆதலால், பாய்ந்து வரும் துகள் தன் சக்தியை முதலில் இழப்பது கரைப்பானிடத்திலேதான் என்பதும், அதன் பென்சீன் வளையத்து எலெக்ட்ரான்கள் கிளர்ந்து அச்சக்தியை ஒளிர்பொருளுக்குக் கைமாற்றினாலன்றி ஒளி பிறவாது என்பதும் கருதத்தக்கவை.

தொடக்கக் காலத்து ஆய்வுக்கூடங்களில் டொலுவீன் பெரிதும் வழங்கியது. நன்றாக ஒளிரும், மலிவானது, எனினும் அறையின் சாதாரண வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும். கையளவு புட்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இக்குற்றம் தொட்டி கணக்கில் பேரபாயமாகிவிடும். 1956-இல் இயற்பியலாளர்கள் ரைனஸும் கோவனும் சவானா நதிக்கரை அணு உலையருகே நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டபோது அவர்களுடைய தொட்டிகளில் இருந்தது டொலுவீனன்று, டிரைஎத்தில்பென்சீன்.

இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் அமைந்த போரெக்ஸினோ என்னும் நியூட்ரினோச் சோதனை, பிரகாசத்திலும் விரைவிலும் சிறந்த சூடோகியூமீன் என்னும் கரைப்பானைத் தேர்ந்தது. அங்கே விசேஷமான ஒரு நிர்ப்பந்தமும் இருந்தது: உயிருள்ளவற்றின் கார்பனில் ஏறக்குறைய லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றாக விளங்கும் கதிரியக்கக் கார்பன்-14, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் மெல்லிய ஒளியை மூழ்கடித்துவிடும் ஆகையால், யுகயுகமாக நிலத்தடியில் புதைந்து அவ்வணுக்களைப் பெரும்பாலும் இழந்த பெட்ரோலியத்திலிருந்து பெற்ற கரைப்பானே வேண்டியிருந்தது; அதில் அவ்விகிதம் பத்து லட்சத்தில் ஓரிரு பங்காகக் குறைந்திருந்தது. தாவர எண்ணெய்கள் எவ்வளவு தூயனவாயினும் இங்கே தகுதியற்றவை. அத்தகைய அருமையான சூடோகியூமீனே 2002 ஆகஸ்டில் சுமார் 50 லிட்டர் கசிந்து ஓடையில் கலக்க, வேலைகள் நிறுத்தப்பட்டன. 2007 மே மாதத்தில்தான் சோதனை தன் கணக்கைத் தொடங்கியது. ஜப்பானின் காம்லாண்டு சோதனையோ அதே திரவத்தை 20 பங்காகக் குறைத்து, 80 பங்கு டோடெக்கேனோடு கலந்து, ஒளியில் சிறிது இழந்து பாதுகாப்பைப் பெற்றது. என் மதிப்பில் அது நல்ல பேரம்.

அடுத்து வந்தது லீனியர் ஆல்கைல்பென்சீன். சலவைத்தூளின் மூலப்பொருளாகிய இதனை நம் சென்னையின் மணலியிலும் உற்பத்தி செய்கிறார்கள். ஒளியில் சூடோகியூமீனுக்குச் சற்றுப் பின்தங்கினாலும், 130 டிகிரிக்கு மேலன்றி இதன் ஆவி பற்றுவதில்லை. சூடோகியூமீன் அரிக்கும் அக்ரிலிக் பாத்திரத்தை இது தீண்டாது விடுகிறது. ஆதலால்தான் கனடாவின் ஸ்னோ-பிளஸ் சோதனையால் அக்ரிலிக் கோளத்தில் 780 டன்னை நிரப்ப முடிந்தது. சீனத்து ஜூனோ சோதனையின் 35 மீட்டர் விட்டமுள்ள கோளத்திலோ 20,000 டன். இத்துணைப் பெரிய பாத்திரத்தில் எத்துணை ஒளி பிறந்தது என்பதைவிட, அது வழியிலே உறிஞ்சப்படாமல் ஓரம் வரை வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

அவ்வாறு வருவதற்கு, ஆலையிலிருந்து வந்த திரவம் அலுமினாவின் ஊடே வடிகட்டப்பட்டு, காய்ச்சி வடிக்கப்பட்டு, நீரோடு கலக்கிப் பிரிக்கப்பட்டு, ஒளியை உறிஞ்சும் மாசுகளும், அவற்றோடு யுரேனியம், தோரியம் முதலிய கதிரியக்க மாசுகளும் நீங்க வேண்டும். இறுதியில் ஒளியைத் தணிக்கும் ஆக்சிஜனும் நைட்ரஜனைப் பாய்ச்சி வெளியேற்றப்படுகிறது.