சந்தா புதுப்பித்தற் கடிதமும் அதனுள் மறைந்த தூண்டிலும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சந்தா முடிந்துவிட்டது, புதுப்பியுங்கள் என்று வரும் கடிதத்தை ஐயுறும் வழக்கம் நம்மவரிடம் இல்லை. பத்திரிகைக்கும் வாசிகசாலைக்கும் சந்தா கட்டிப் பழகியவர்கள் நாம். தவணை தப்பினால் நாணுகிறவர்கள். மின்னஞ்சல் மோசக்காரர் பற்றிக்கொள்வது நமது இந்த நாணயத்தையே.

வித்தை புதிதன்று. கனடிய நிறுவனம் ஒன்று, வேறிடங்களில் இணையப் பெயர் பதிவுசெய்திருந்தோருக்குப் புதுப்பித்தல் அறிவித்தல் போன்ற தாள்களைத் தபாலிலேயே அனுப்பிவந்தது. பணம் கட்டியோர், பழைய பதிவாளரை விட்டு அந்நிறுவனத்துக்கு மாறுகின்றோம் என்பதை அறியவில்லை. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அதன்மேல் வழக்கு வைத்தது.

அதே ஆணைக்குழு 2018 டிசம்பரில் மற்றொரு கடிதத்தைக் காட்டி மக்களை எச்சரித்தது. நெற்ஃபிளிக்ஸ் என்னும் படக்காட்சிச் சேவையின் பெயரில் வந்த மின்னஞ்சல் அது. பணம் அறவிடுவதில் தடங்கல் ஏற்பட்டுள்ளது, கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இவ்விடத்தில் அழுத்தி விபரத்தைத் திருத்துக என்பது அதன் சாரம். விளிப்போ, 'ஹாய் டியர்'! மாதந்தோறும் நம்மிடம் பணம் பெறுகிறவனுக்கு நம் பெயர் தெரியாதா? எனினும் இன்று செயற்கை நுண்ணறிவின் உதவியால் மோசக்காரனும் பிழையற எழுதுகின்றான். பெயர் சொல்லி விளிக்கவும் கூடும். ஆதலின் நடையைப் பார்த்து மாத்திரம் தீர்மானித்தல் ஆகாது.

பார்க்கவேண்டியது விலாசத்தை. அனுப்பியவர் பெயராக மேலே தெரிவது எவரும் இட்டுக்கொள்ளக்கூடிய பெயர்ப்பலகை. அதன் பின்னுள்ள மின்னஞ்சல் விலாசத்தையே திறந்து நோக்கவேண்டும். இணைப்பின் விலாசத்திலும் ஒரு சூது உண்டு. தபால் உறையில் ஊர்ப்பெயர் ஈற்றில் நிற்பதுபோல, இணைய விலாசத்திலும் முதலாவது சாய்கோட்டுக்கு முன், ஈற்றில் நிற்கும் பகுதியே உரியவன் யாரென்று சொல்லும். 'நெற்ஃபிளிக்ஸ்.கொம்' என்று தொடங்கி, புள்ளியிட்டு வேறொரு பெயரில் முடியுமாயின் அது அவ்வேறொருவனுடைய வீடே. உண்மை விலாசத்திலிருந்து வருவதுபோற் போலி செய்வதும் சிலவேளை இயலுமாகையால், விலாசம் பொருந்தினாலும் கடிதத்திலுள்ள இணைப்பை அழுத்தாது, அச்சேவையின் தளத்தை நாமே திறந்து கணக்கைப் பார்த்தல் நன்று. சந்தா உண்மையாக முடிந்திருந்தால் அங்கேயும் தெரியும்.

இவற்றினும் பொல்லாத வகை ஒன்றுண்டு. அதில் இணைப்பே இராது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளின் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டது, முந்நூறு நானூறு டொலர் கழிக்கப்படும், வேண்டாமெனில் இந்த இலக்கத்துக்கு அழைக்க என்றிருக்கும். நோர்ட்டன், கீக் ஸ்குவாட் போன்ற பெயர்களை அங்கே காணலாம். வாங்காத பொருளுக்குக் கணக்கு வந்ததே என்று பதறி, நாமே அழைக்கின்றோம்! மறுமுனையில் இருப்பவர் மிகுந்த மரியாதையுடன் பேசுவார். பணத்தைத் திருப்பித் தருவதற்கெனக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் நிரலொன்றை நிறுவச் சொல்வார். வங்கிக் கணக்கைத் திறக்கச் செய்வார். பின் திரையில் இலக்கத்தை மாற்றி, "ஐயோ, கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிகுதியைத் திருப்பித் தாருங்கள்" என்று மன்றாடுவார். வராத பணத்துக்கு மிகுதி கொடுத்தவர் அநேகர். அவரோ அதைப் பரிசு அட்டைகளாக வாங்கி இலக்கங்களை வாசிக்கச் சொல்வார்; எந்த நேர்மையான கம்பனி அவ்வாறு கேட்கும்?

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய கடிதம் வீட்டிலுள்ள பெரியவருக்கு வந்தால், "இதுகூடத் தெரியாதா" என்று சிரிக்கவேண்டாம். ஒருமுறை சிரிப்புக்கு ஆளானவர் மறுமுறை சொல்லமாட்டார். பணம் போன செய்தியும் அவர் நெஞ்சுக்குள்ளேயே கிடந்துவிடும். விரைவு வேண்டிய வேளையில் அந்த மௌனமே பெரிய நட்டம்.

அட்டை விபரம் கொடுத்தாயிற்றென்றால் உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துக. கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அதனை மாற்றுவதோடு, அதே சொல்லை வைத்திருக்கும் பிற கணக்குகளிலும் மாற்றுக. தொலைவியக்க நிரல் நிறுவியிருந்தால் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, வேறொரு கருவியிலிருந்தே இவற்றைச் செய்க. வங்கியின் தொலைபேசி இலக்கம் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வந்த கடிதத்தில் அதனைத் தேடவேண்டாம்.