சிறுவர் கைக்கு எட்டும் தொண்டு



திருவனந்தபுரம் நகரில் தம்பானூர் என்னும் பகுதியில் மத்திய இரயில் நிலையம் அமைந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, திருநெல்வேலி செல்லும் வண்டிக்காக நானும் என் மகளும் அங்கே காத்திருந்தோம். அவள் ஏழாம் வகுப்பு மாணவி. எங்களுக்கு அருகே அம்பாசமுத்திரப் பக்கத்து மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். நகரில் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். அவர் மடியில் மருந்து உறைகள் நான்கைந்து இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, "இதை ராவிலே போடச் சொன்னாங்க. வண்டி ஏறினதும் போட்டுக்கிடணும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

என் மகள் அந்த உறையை எட்டிப் பார்த்தாள். "ஆச்சி, இது காலையிலே போடுகிற மாத்திரை. அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றாள்.

நேயர்களே, இதில் யார் மீதும் குற்றம் இல்லை. மலையாளத்தில் 'ராவிலெ' என்றால் காலையில் என்று பொருள். இரவு நேரத்தை அவர்கள் 'ராத்ரி' என்பார்கள். நம் ஊர்ப் பேச்சிலோ 'ராவிலே' என்பது இரவிலே என்பதாகும். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். கேட்டவரும் சரியாகத்தான் கேட்டார். இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்று மக்களைப் போல அத்தனை நெருங்கி இருப்பதே இங்கு இடராக முடிந்தது. 'மருந்து கழிக்கணும்' என்று மலையாளி சொன்னால் உட்கொள்ள வேண்டும் என்று பொருள். தமிழர் காதில் அது நீக்கிவிட வேண்டும் என்பதுபோல் ஒலிக்கும். முற்றிலும் தெரியாத மொழியானால் மனிதர் எச்சரிக்கையோடு பிறரைக் கேட்பர். பாதி தெரிந்த மொழியில் கேட்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றுவதில்லை.

மருந்து விஷயத்தில் ஒரு சிறுமியின் சொல்லை மட்டும் நம்புவது தகாது. ஆகையால் உறையில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்ணுக்கு நான் பேசினேன். காலையில், உணவுக்கு முன் என்று மருந்துக் கடைக்காரர் உறுதி செய்தார். மூதாட்டி உறையின் ஒரு மூலையை மடக்கி அடையாளம் செய்துகொண்டார்.

ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த செயல் இது. ஆயினும் வீடு திரும்பிய பிறகும் என் மனம் இதையே சுற்றிச் சுற்றி வந்தது. பதினொரு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள நம் பிள்ளைகள் சமூகத்துக்குச் செய்யத்தக்க தொண்டு எது என்னும் கேள்விக்கு அந்த நடைமேடையில் ஒரு விடை கிடைத்ததாகத் தோன்றியது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

தொண்டு என்றவுடன் பலருக்கும் பொருள் கொடுப்பதே நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. ஈகைக்கு 23ஆம் அதிகாரத்தை வகுத்தவர், அதற்கு முன்பே 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை, இல்லாதவருக்கு இருப்பவர் கொடுப்பது. ஒப்புரவோ, ஊரோடு கூடி வாழ்கிறவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமையை அறிந்து செய்வது. ஈகைக்குக் கையில் பொருள் வேண்டும். சிறுவர் கையில் பொருள் ஏது? ஒப்புரவுக்கோ கண்ணும் காதும் சிறிது நேரமும் போதும். அவை சிறுவரிடம் நம்மைக் காட்டிலும் மிகுதி.

கேரளத்தில் பள்ளி மாணவர் தொண்டு செய்வதற்கு வழிகள் பல உள. சாரணர் இயக்கத்தை நீங்கள் அறிவீர்கள். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரவுன்ஸீ என்னும் சிறு தீவில் பேடன் பவல் கூட்டிய பாசறையில் தொடங்கி உலகெங்கும் பரவியது அது. நம் நாட்டில் 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவாயிற்று. முதலுதவியும் நோயாளர் நலமும் கற்பிக்கும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும் பள்ளிகளில் உண்டு. கேரளத்திலேயே தோன்றிய அமைப்பு ஒன்றும் உண்டு. மாணவர் காவல் படை எனத் தமிழில் சொல்லத்தக்க அதனை 2010 ஆகஸ்டு 2ஆம் நாள் 127 பள்ளிகளில் தொடங்கினார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அதில் சேருகின்றனர். சாலை விதிகளை எடுத்துச் சொல்வது, மரம் நடுவது, போதைப் பொருள்களுக்கு எதிராகப் பேசுவது போன்றவை அவர்கள் பணி. 2018இல் மைய அரசு இத்திட்டத்தை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது.

அமைப்புகளில் சேராமலே செய்யும் தொண்டும் உண்டு. அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது 'பொதிச்சோறு'. வாட்டிய வாழையிலையில் சோறும் கறியும் வைத்துக் கட்டிய பொதி அது. குறித்த நாளில் மாணவர் தம் வீட்டிலிருந்து ஒரு பொதி கூடுதலாகக் கொண்டுவருவர். அவை யாவும் மருத்துவமனை வாசலில் காத்திருப்போர்க்குச் சென்று சேரும். தாய் ஒரு பிடி அரிசி கூடுதலாக இடுகிறாள். பிள்ளை அதைச் சுமந்து வருகிறான். கொடுப்பவர் பெயர் பொதியில் இல்லை.

2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தின்போது கேரளத்தின் நடுப்பகுதியும் வடபகுதியும் தத்தளிக்கையில், திருவனந்தபுரத்து நிவாரண மையங்களில் மாணவர் கூட்டம் இரவு பகலாக அரிசியையும் துணியையும் பிரித்துக் கட்டியது. எழுத்தறிவுப் பணியிலும் இளைஞர் பங்கு பெரிது. 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பின்னால், மாலை வேளைகளில் விளக்கொளியில் முதியோர்க்கு அகரம் கற்பித்த தொண்டர்களின் பெரும்படை இருந்தது. அண்மையில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் முதியோர்க்குக் கைப்பேசியைக் கையாளக் கற்பிக்கும் முயற்சி நடந்தது. அது 2022இல் நிறைவேறி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. பாட்டிக்குப் பேத்தி ஆசிரியையாவதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு எது?

இவற்றையெல்லாம் கூறும்போது பெற்றோர் சிலர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "இதனால் மதிப்பெண் உண்டா?" என்பார்கள். கேரளத்தில் இத்தகைய அமைப்புகளில் பணிபுரியும் மாணவர்க்குப் பள்ளி இறுதித் தேர்வில் கருணை மதிப்பெண் வழங்கும் முறை உண்டு. அதை நான் பழிக்க மாட்டேன். மதிப்பெண்ணுக்காக வாசல் வரை வந்த பிள்ளை, உள்ளே நுழைந்த பின் மனிதரைக் காண்பதும் உண்டு. ஆயினும், சான்றிதழ் கைக்கு வந்ததும் நின்றுபோகிற தொண்டைத் தொண்டு என்று சொல்ல என் நா எழவில்லை.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த பணிக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் தமிழர் நேற்று வந்தவர்கள் அல்லர். சாலைக் கடைத்தெருவிலும் வலியசாலையிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஒலிக்கிறது. மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை இந்நகரில்தான் பேராசிரியராக விளங்கினார். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அரசியல் எல்லை மாறியது. நோயாளர் வரும் பாதை மாறவில்லை. 1951இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியையும், 1981இல் தோன்றிய வட்டாரப் புற்றுநோய் மையத்தையும் நாடி இன்றும் தென் தமிழகத்து மக்கள் வந்த வண்ணம் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சு ஒருவாறு விளங்கும். எழுத்து விளங்காது. பேருந்தின் பெயர்ப் பலகையும், வரிசைச் சீட்டும், மருந்து உறையும் அவர்களுக்கு அடைத்த கதவுகள். அந்தக் கதவுக்குச் சாவி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது.

பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்களே, உங்கள் நகரத்து மருத்துவமனைகளுக்கும் தமிழர் வருகிறார்கள். கன்னடமும் மராத்தியும் இந்தியும் உங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் எங்கும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. நிலையத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் அஞ்சலகத்திலும் திகைத்து நிற்கும் ஒருவரைக் கண்டால், பெற்றோர் உடனிருக்க, "என்ன வேண்டும்?" என்று தமிழில் கேட்டாலே போதும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அப்பிள்ளைகளுக்கு மூன்று விதிகளைச் சொல்வேன். முதலாவது, எழுதியிருப்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். இரண்டாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன ஒரு சொல் உடம்புக்குத் தீங்காகலாம். மருந்தானால் பெரியவர் ஒருவரைக் கொண்டு மருந்துக் கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாவது, பிறர் நோயைப் பற்றி அறிந்ததை வேறெவரிடமும் பேசாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு சொல். நோயாளர் கூடத்துக்குள் சிறுவரை அனுப்பாதீர்கள். அது நோயாளர்க்கும் நல்லதன்று, சிறுவர்க்கும் நல்லதன்று. அறிமுகம் இல்லாத இடத்துக்குத் தனியே போகவும் விடாதீர்கள்.

தம்பானூர் நிகழ்ச்சியின் பின்பாதியை நான் இன்னும் சொல்லவில்லை. மருந்து உறையைப் பார்த்துச் சொன்ன என் மகளைத் தடவிக் கொடுத்த அந்த மூதாட்டி, சுருக்குப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், யார் வந்து அழைத்துப் போவார் என்று அவர் மகன் தமிழில் எழுதிக் கொடுத்த தாள். "கண்ணு மங்கிப் போச்சு தாயி. இதையும் வாசிச்சுச் சொல்லு" என்றார்.

என் மகள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டில் அவள் தடையின்றித் தமிழ் பேசுவாள். மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியாது. அத்தாளை வாங்கி நான்தான் படித்தேன். நாள்தோறும் மொழிபெயர்த்து ஊதியம் பெறுகிறவன், தன் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தைக் கொடுக்கத் தவறியிருந்தேன். அதற்கு முன் பலமுறை, தமிழ் நம் தாய்மொழி, அதைக் கற்க வேண்டும் என்று அவளுக்கு உபதேசம் செய்ததுண்டு. அவை காற்றோடு போயின. அன்று வண்டியில் ஏறி அமர்ந்ததும் அவளாகவே, "அப்பா, அந்த ஆச்சியின் தாளில் முதல் எழுத்து என்ன?" என்று கேட்டாள். என் கைக்குறிப்பில் எழுதிக் காட்டினேன்.

இப்போது அவளிடம் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. ஒருபுறம் மலையாளத்தில் ராவிலெ, உச்சக்கு, ராத்ரி. மறுபுறம் தமிழில் காலை, மதியம், இரவு. பேருந்து வழிகளும், உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்பனவும் அதில் உண்டு. எழுத்துகள் இன்னும் கோணலாகத்தான் இருக்கின்றன. உங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கம் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி இத்தகைய குறிப்பேடு ஒன்றை எழுதச் செய்யலாம். அதற்கு நிதி திரட்ட வேண்டுவதில்லை. பிறருக்குப் பயன்படப்போகிறோம் என்னும் நினைவோடு கற்கும் எழுத்து, தேர்வுக்காகக் கற்கும் எழுத்தைவிட நெஞ்சில் நன்கு பதியும். அப்போது தொண்டும் தமிழும் ஒரே குறிப்பேட்டில் வளரும்.