கையளவு வானூர்தியும் இரவின் நிறமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறு வடிவங்களின் இலக்கணம் அறிந்தோர் நிறைந்த அவை இது. ஏழு சீரில் பெரும்பொருளை அடக்கும் மரபில் வந்தோருக்கு, சுருக்கத்தில் உண்மை காத்தல் எத்துணை அரிது என்பது தெரியும். அத்தகைய உழைப்பு வேறொரு துறையிலும் உண்டு. போர்க்கால வானூர்தியை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் மாதிரிக்கலை அது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வான்படை பயன்படுத்திய டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ என்னும் இரவுப் போர்விமானம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அளவும் மேனியும்

இந்த அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிறான். 16.5 மீட்டர் இறக்கை விரிவு ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் ஆகிறது. விமானத்தின் உடல், இடம் வலம் என இரு பாதிகளாகப் பெட்டியில் வரும். இருக்கைகளையும் கருவிப் பலகையையும் முதலில் பொருத்தி, வண்ணமிட்டு, அதன் பின்னரே பாதிகளை ஒட்டுதல் வேண்டும்; ஒட்டியபின் உள்ளே கை செல்லாது. இது விளையாட்டுப் பொருளுக்கென்று கண்ட எளிய வழி போலத் தோன்றும். உண்மை விமானமும் இவ்வாறே பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

1940 நவம்பர் 25 அன்று முதன்முதலாகப் பறந்த மஸ்கிட்டோ மரத்தால் ஆனது. பால்சா மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகையைப் பசையிட்டு, அச்சின்மேல் வளைத்து, உடலை இரு பாதிகளாகச் செய்தனர். உட்கருவிகள் பலவற்றைப் பொருத்தியபின் அவற்றை இணைத்தனர். மேசை நாற்காலி செய்துவந்த ஹை விக்கம் நகரத்துப் பட்டறைகள் இதன் பாகங்களைச் செய்தன. மரத்தின்மேல் ஒட்டிய பருத்தித் துணியின் பெயர் மடபொல்லம். கோதாவரிப் பகுதியில் நரசாபுரத்தை அடுத்த ஊர் ஒன்றின் பெயர் அது.

எனவே, உலோக விமானத்துக்குரிய தகட்டுக் கோடுகளும் ஆணித்தலைகளும் இதன் மேனியெங்கும் விரவியிருத்தல் பொருந்தாது. இருப்பின், மக்கிட்டு நிரப்பி, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து மறைப்பர். அழகுக்கென்று சேர்த்த அணி, பாடுபொருளையே பொய்யாக்கும் இடம் இது.

தொடக்க வகைகளில் ராடாரின் அலைவாங்கி, மூக்கின் முனையில் அம்புபோல் நீண்டிருக்கும். அச்சில் வார்த்த பாகம் பருத்துத் தோன்றும். ஆதலின் கைதேர்ந்தோர், பாகங்களைப் பிணைத்துவரும் பிளாஸ்டிக் கம்பியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இழுத்து, மயிரிழையாக்கிச் சாமணத்தால் எடுத்து ஒட்டுவர்.

இரவின் நிறம்

அடுத்தது வண்ணம். இரவில் பறப்பதற்குக் கறுப்பே உரியது என எவரும் எண்ணுவர். அன்றைய வான்படையும் அவ்வாறே எண்ணியது. 1942-இல் பணிக்கு வந்த இரவு மஸ்கிட்டோக்களுக்குக் கரிபோன்ற, ஒளிராத கறுப்பைப் பூசினர். சொரசொரப்பான அப்பூச்சு வேகத்தைக் குறைத்தது. மேலும், இரவு வானில் விண்மீன் ஒளியும், நிலவொளியும், முகிலில் பட்டுச் சிதறும் வெளிச்சமும் உண்டு. அவ்வெளியில் கறுப்பு உருவம் தனித்துத் தெரிந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சாம்பல் நிறமும், மேற்புறத்தில் கரும்பச்சைத் திட்டுகளும் வந்தன.

ஆகவே, எந்த ஆண்டின் விமானம் என்று தெளிந்த பின்னரே தூரிகையைத் தொடுதல் வேண்டும். கறுப்பு விமானமாயினும் தூய கறுப்பைப் பூசாது சிறிது சாம்பலைக் கலப்பர். இல்லையேல் நுணுகிச் செய்தவை யாவும் அக்கறுப்பில் மூழ்கிவிடும். இரவு என்றதும் கறுப்பு எனக் கை தானே எழுதிவிடும் இடங்கள் கவிதையிலும் பல. வானத்தை மீண்டும் நிமிர்ந்து பார்த்தவர்களே விமானத்தின் நிறத்தை மாற்றினர்.

வெற்று இருக்கைகள்

உள்ளே இருவர்க்கே இடம். இடப்புறம் விமானி, வலப்புறம் ராடார்த் திரையை நோக்கி வழி சொல்பவர். ராடார் அருகில் மட்டுமே கொண்டுசேர்க்கும். எதிரில் இருப்பது பகைவர் விமானமே என்று கண்ணால் கண்டு தெளிந்த பின்னரே, வயிற்றின் கீழுள்ள நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளை இயக்குதல் முறை.

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மானியக் குண்டுவீச்சில் பிரித்தானியப் பொதுமக்கள் 40,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய இரவுகளைத் தடுக்க வந்த பொறி இது. ஆயினும் இதன் இலக்கிலும் மனிதர் அமர்ந்திருந்தனர். மறுபுறத்திலும் அதுவே நிகழ்ந்தது. 1944 மார்ச் 30-31 இரவில் நியூரம்பர்க் நோக்கிச் சென்ற பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்களுள் 95 அழிந்தன. பெரும்பாலானவற்றை வீழ்த்தியவை ஜெர்மானிய இரவுப் போர்விமானங்கள்.

மாதிரி செய்வோர் பலர் இருக்கைகளை வெறுமையாகவே விடுவர். மூடியை ஒட்டியபின் தெரிபவை இரண்டு இருக்கைகளும் அவற்றின் வார்களுமே. அலமாரியில் வைத்த அழகில் கொலைத்தொழில் மறைந்துபோகும் இடர் இக்கலைக்கு உண்டு. போரைப் பாடும் கவிதைக்கும் அவ்விடர் உண்டு. பீரங்கிக் குழலின் வாயை ஊசிமுனையால் துளைத்துச் செப்பம் செய்யும் கைக்கு, அவ்வாய் எவரை நோக்கித் திறந்திருந்தது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவோடு செய்த மாதிரியே காண்போரை ஒரு கணம் நிறுத்தும்.

பத்தாண்டுகளாகச் சொல்லின் அளவையும் நிறத்தையும் கூடியிருந்து ஆய்ந்துவரும் இவ்வட்டம் பல்லாண்டு தொடர்க.